செய்யாமல் விடப்படும் கொடுமை: முதியோர் இல்லங்களில் வதையையும் புறக்கணிப்பையும் அறிவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் மகன் காத்திருக்கிறார். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்து வருகிறார்கள். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன்பா." பக்கத்திலேயே ஆயா நிற்கிறார். ஆப்பிளும் பிஸ்கட்டும் கைமாறுகின்றன. அரை மணி நேரத்தில் மகன் கிளம்பிவிடுகிறார். அம்மாவின் இடது குதிகாலில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுத்துப்போன இடம் ஒன்று இருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. குதிகாலைப் பார்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

இது ஓர் இல்லத்தின் கதையாக எழுதப்பட்டதில்லை. எந்த ஊரிலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நடக்கக்கூடியது. அந்த மகன் பாசமில்லாதவர் அல்லர். கொடுமை என்றால் அடி, திட்டு, பட்டினி என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். முதியோர் இல்லத்தில் நடக்கும் கொடுமையில் பெரும்பகுதி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதால் நேர்கிறது. செய்த கொடுமை தழும்பைக் காட்டும். செய்யாமல் விட்ட கொடுமையைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணை நாம் எப்படிப் பெறுவது, ஏன் பெற்றாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எதைக் கொடுமை என்கிறோம்?

உலக சுகாதார நிறுவனமும் முதியோர் வதைத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பும் 2002இல் டொராண்டோவில் வெளியிட்ட பிரகடனத்தின் வரையறையே இன்றுவரை பெரும்பாலும் பயன்படுகிறது. நம்பிக்கைக்கு இடமுள்ள ஓர் உறவில், முதியவருக்குத் தீங்கோ மனவேதனையோ தரும் எந்தச் செயலும் வதை. செய்ய வேண்டியதைச் செய்யாமையும் வதை. அது ஒருமுறை நடந்தாலும் வதைதான் என்பது அதன் சாரம். உடல் வதை, மன வதை, பாலியல் வதை, பணச் சுரண்டல், புறக்கணிப்பு என ஐந்து வகையாக இதைப் பிரிப்பார்கள். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றும் இருப்பது வழக்கம். நேரத்துக்கு டயப்பர் மாற்றாத இடத்தில்தான், மாற்றச் சொல்லிக் கூப்பிட்டவருக்குத் திட்டும் விழும்.

இப்படி ஒரு கொடுமை இருக்கிறது என்பதை உலகம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் சென்று, அங்கே மனிதர்கள் தனிமையிலும் கட்டுப்பாட்டிலும் சுருங்கிப்போவதை 1962இல் நூலாக எழுதினார். 1967இல் பார்பரா ராப் தொகுத்த நூல், நீண்டகால மருத்துவமனைகளில் முதியவர்களின் கண்ணாடியும் பல்செட்டும் பறிக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தது. வீட்டில் பாட்டிகள் அடிபடுவதைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் கடிதம் எழுதியது 1975இல்தான். ஜூன் 15ஆம் நாள் முதியோர் வதை விழிப்புணர்வு நாளாக 2006 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது, ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது 2011இல்.

எண்கள் காட்டும் முகம்

அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர், வீடும் ஊரும் சேர்ந்த பொதுச் சூழலில் ஓராண்டில் ஏதாவது ஒரு வதைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இல்லங்களுக்குள் நிலைமை இதைவிட மோசம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கடந்த ஓராண்டில் தாங்களே ஏதாவது ஒரு வகையில் வதை செய்ததாக ஒப்புக்கொண்ட ஊழியர்கள் 64.2 விழுக்காடு. குற்றம் சாட்டியவர்கள் சொன்ன எண் அன்று இது, செய்தவர்களே சொன்னது. அமெரிக்காவில் 577 செவிலியப் பணியாளர்களிடம் நடத்தி 1989இல் வெளியான ஆய்விலும், கடந்த ஆண்டில் உடல் வதையைக் கண்ணால் கண்டதாக 36 விழுக்காட்டினர் சொன்னார்கள். தாங்களே செய்ததாக 10 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் தெளிவான படத்தைத் தந்தது ஆஸ்திரேலியா. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஓக்டன் இல்லத்தில் இருந்த ஒருவரின் உடலில் விளக்கம் சொல்ல முடியாத காயங்களை அவர் குடும்பத்தார் கண்டார்கள். அளவுக்கு மீறி மருந்து கொடுக்கப்பட்டதும் தெரியவந்தது. அவர்கள் விடாமல் எழுப்பிய கேள்வி 2017இல் விசாரணையானது, இல்லம் மூடப்பட்டது. 2018இல் நாடு முழுவதற்குமான அரச ஆணையம் அமைந்தது. ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 2019இல் வெளிவந்தபோது அதற்கு வைத்த தலைப்பு ஒரே சொல்: 'புறக்கணிப்பு'. இல்லங்களில் வாழ்பவர்களில் 39.2 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வதையை அனுபவிக்கிறார்கள் என்று ஆணையம் மதிப்பிட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் உடல் வதை 5 விழுக்காடு, மன வதை 22.6, புறக்கணிப்பு 30.8. அடிபட்டவர் ஒருவர் என்றால், கவனிக்காமல் விடப்பட்டவர் ஆறு பேர். நாம் தேடுவது ஓரிடத்தில், கொடுமை இருப்பது வேறிடத்தில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உடல் சொல்லும் சாட்சி

பேச முடியாதவருக்காக அவர் உடல் பேசும். அதில் முதல் சாட்சி படுக்கைப் புண். எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடலின் எடை நெடுநேரம் அழுந்தும்போது ரத்த ஓட்டம் நின்று, தோலும் தசையும் அழுகத் தொடங்குகின்றன. இடுப்பின் பின்புற எலும்பு, புட்டம், இடுப்பு ஓரம், குதிகால், முழங்கை, பின்மண்டை ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் தோல் கிழியாது. நிறம் மட்டும் மாறி, விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. இரண்டாம் நிலையில் கொப்புளமோ தோல் உரிதலோ தோன்றும். மூன்றாம் நிலையில் கொழுப்புவரை குழி விழும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியும். தோல் சிவக்கும் என்று பாடநூல்கள் சொல்வது வெளுத்த தோலுக்குப் பொருந்தும். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் உள்ள இடத்தைவிடக் கூடுதலாகக் கறுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும். கல்போல இறுகியோ, பஞ்சுபோல அமுங்கியோ இருக்கும். ஆகவே பார்ப்பது போதாது, தொட வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது நெடுநாள் நடைமுறை. ஏர் பெட் போட்டாலும் புரட்டும் வேலை போய்விடாது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க பிரேடன் அளவுகோல் 1987இலிருந்தே இருக்கிறது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்ற ஆறு கூறுகளைப் பார்த்து பயிற்சி பெற்ற எவரும் சில நிமிடங்களில் கணக்கிடலாம். உயிர் முடியும் தறுவாயில் எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குப் புண் வரும் என்பதும் உண்மை. ஆனால் மூன்றாம், நான்காம் நிலைப் புண் ஒன்றைக் குடும்பத்திடம் சொல்லாமல், மருத்துவரிடம் காட்டாமல், போர்வைக்குள் மறைத்து வைத்திருந்தால் அதற்கு விளக்கம் ஏதும் இல்லை.

இரண்டாவது சாட்சி, ரத்தம் கன்றிய தடம். முதுமையில் தோல் மெலிந்திருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவருக்குக் கட்டில் விளிம்பு பட்டாலே கன்றும். பிறகு எப்படிப் பிரித்தறிவது? கலிஃபோர்னியாவில் லாரா மொஸ்கேடா என்ற முதியோர் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 65 வயதைக் கடந்த 101 பேரைத் தினமும் பார்த்து 2005இல் ஒரு விடை தந்தார்கள். தற்செயலாக ஏற்பட்ட தடங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கைகால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, புட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. வதைக்கு ஆளானவர்களை அதே குழு பின்னர் ஆராய்ந்தபோது, அவர்களின் தடங்கள் பெரிதாக, பாதிப்பேருக்கு மேல் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு அதிகமோ இருந்தன. முகத்திலும் முதுகிலும் மேற்கையின் வெளிப்புறத்திலும் காணப்பட்டன. நிறத்தை வைத்து 'இது பழையது, இது புதியது' என்று தீர்ப்புச் சொல்வது தவறு என்பதையும் 2005 ஆய்வு காட்டியது. கேட்க வேண்டிய கேள்வி, எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு பெரியது என்பதும்தான். இரண்டு மணிக்கட்டுகளிலும் ஒரேமாதிரிச் சுற்றுத் தடம் இருந்தால் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கலாம். இரண்டு மேற்கைகளிலும் விரல் பதிந்ததுபோல் இருந்தால் இறுகப் பிடித்துத் தூக்கியிருக்கலாம்.

மூன்றாவது, தண்ணீரும் எடையும். வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும். ஆகவே, கேட்கும்போது கொடுத்தால் போதாது. கேட்காமலே கொடுக்க வேண்டும். கைக்கு எட்டாத மேசையில் நிறைந்திருக்கும் தண்ணீர்ச் செம்பு கவனிப்புக்குச் சான்று ஆகாது, புறக்கணிப்புக்குத்தான் சான்று. இரவில் டயப்பர் மாற்றும் வேலை குறையட்டும் என்று மாலைக்கு மேல் தண்ணீரைக் குறைப்பது மறைமுகமான தண்டனை. முதியவரின் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தை அளப்பது நம்பத் தக்கதில்லை. அந்தத் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும். நாக்கு வறண்டு பிளந்திருக்கிறதா, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறதா, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசுகிறாரா என்று பாருங்கள். எடையில் ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ குறைந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்வது அமெரிக்க இல்லங்களில் விதி. 50 கிலோ இருந்த அம்மா ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடக் கூடாது. பல்லில்லாதவருக்குக் கஞ்சியோ குழைந்த சோறோ தராமல் விறைத்த சோற்றைத் தட்டில் போட்டு, 'சாப்பிட மாட்டேங்கறாங்க' என்று எழுதிவைப்பதும் பட்டினி போடுவதுதான். சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் இது ஒரே நாளில் விளங்கிவிடும்.

நான்காவது, மாத்திரையால் கட்டுவது. கயிற்றால் கட்டினால் தடம் தெரியும். மருந்தால் கட்டினால் 'அமைதியா இருக்காங்க' என்ற நற்சான்று கிடைக்கும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின் போன்றவை மனநோய்க்கான மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவற்றைக் கொடுத்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதன் பிறகும், உரிய மனநோய் ஏதும் கண்டறியப்படாமலே வாரந்தோறும் 1,79,000க்கும் மேற்பட்டோருக்கு அமெரிக்க இல்லங்களில் இவை தரப்படுவதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2018இல் மதிப்பிட்டது. நண்பகலிலும் கண் திறக்காத தூக்கம், வாயோரம் எச்சில் ஒழுகுதல், கைநடுக்கம், உடல் விறைப்பு, புதிதாக அடிக்கடி கீழே விழுதல் ஆகியவை கேள்வி கேட்க வேண்டிய அறிகுறிகள். மருந்துச் சீட்டையும், வேளாவேளைக்குக் கொடுத்த பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் எழுதிக்கொடுத்தது, எதற்காக என்று கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாமல் வெளியே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறிய அறிகுறிகள் சிறியவை ஆகா. வளைந்து சதையில் குத்தும் கால் நகம், நாக்கில் வெண்படலம், மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்ட முழங்கால், தொடை இடுக்கில் வெந்துபோன தோல், அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் மூத்திர வாடை, அலமாரியில் பூட்டிக் கிடக்கும் மூக்குக் கண்ணாடி, பேட்டரி தீர்ந்த காதுக் கருவி என இவை ஒவ்வொன்றும், யாரோ செய்திருக்க வேண்டிய ஒரு சிறு வேலை பல நாள் செய்யப்படவில்லை என்று சொல்கின்றன.

சொல்லிலும் நடத்தையிலும்

தமிழில் மன வதையின் முதல் அடையாளம் விகுதியிலேயே கேட்கும். எண்பது வயதுப் பெரியவரை, இருபது வயது ஊழியர் உரிமையோடு 'தாத்தா' என்று அழைப்பது வேறு. "ஏ கிழவி, எந்திரி" என்பது வேறு. குடும்பத்தார் முன்னிலையில் 'வாங்க பாட்டி', அவர்கள் போனபின் 'வாடி' என்றால், மற்ற நடத்தையும் அப்படியே மாறும் என்று கொள்ளலாம். வாழ்நாளெல்லாம் பின்னலிட்ட தலைமுடியைப் பராமரிக்க நேரமில்லை என்று கேட்காமலே ஒட்ட வெட்டிவிடுவது, சைவ உணவுக்காரர் தட்டில் முட்டை வைப்பது, பலர் பார்க்க உடை மாற்றுவது எல்லாம் ஒருவரை மனிதராகவே மதிக்காத செயல்கள்.

குறிப்பிட்ட ஓர் ஊழியர் அறைக்குள் வந்ததும் முதியவர் பேச்சை நிறுத்துகிறாரா, கை தூக்கினால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரா, குளியல் நேரம் வந்தால் நடுங்குகிறாரா என்று கவனிக்க வேண்டும். குளியலுக்கு அஞ்சுவதும், உள்தொடையிலோ மார்பிலோ தடம் இருப்பதும், உள்ளாடையில் ரத்தம் தெரிவதும் பாலியல் வதையின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். 'இந்த வயசிலயா' என்று நாம் நம்ப மறுப்பதே குற்றவாளிக்குக் கேடயம். எல்லாக் கொடுமையும் ஊழியரிடமிருந்தே வருவதும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பத்து இல்லங்களில் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், நான்கே வாரங்களில் ஐவரில் ஒருவர் சக குடியிருப்பாளரின் திட்டு, தள்ளல், அடி ஆகியவற்றில் சிக்கியிருந்தார். அதைத் தடுக்கும் பொறுப்பும் இல்லத்தையே சேரும்.

பணச் சுரண்டலுக்குச் சத்தம் இல்லை. ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது, ஓய்வூதியம் எந்தக் கணக்குக்குப் போகிறது, வாரிசுதாரர் பெயர் மாறியிருக்கிறதா, எந்தத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள் என்பவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். 'குளிக்கும்போது கழற்றி வச்சோம்' என்ற மூக்குத்தி திரும்பி வந்ததா என்பதும் அதே வரிசைக் கேள்விதான். சுரண்டுபவர் ஊழியராகவும் இருக்கலாம், உறவினராகவும் இருக்கலாம்.

அவசரத் தீர்ப்பும் கூடாது

எந்த ஓர் அறிகுறியும் தனியாக நின்று குற்றத்தை நிரூபித்துவிடாது. எலும்பு தேய்ந்தவருக்குப் புரண்டு படுத்தாலே முறிவு வரலாம். மறதி நோய் முற்றினால் நன்றாக ஊட்டினாலும் எடை குறையலாம். 'என் நகையைத் திருடிட்டாங்க' என்பது அந்நோயாளிகள் பலருக்கு வரும் மாயை எண்ணம். குறைந்த சம்பளத்தில் உடம்பு நோகப் புரட்டி, துடைத்து, ஊட்டிவிடும் ஊழியர்மேல் தவறாகப் பழி போடுவதும் அநீதியே.

ஆகவே மருத்துவர்கள் தனி அறிகுறியைவிட அறிகுறிகளின் சேர்க்கையைப் பார்க்கிறார்கள். காயத்துக்கும் சொல்லப்படும் காரணத்துக்கும் பொருத்தம் உண்டா? காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா? காயம் பட்டவுடன் மருத்துவரை அழைத்தார்களா, நாள் கடத்தினார்களா? இப்படி முன்னும் நடந்திருக்கிறதா? இந்த நான்கு கேள்விகள் நியாயமான இல்லத்தைக் காப்பாற்றும், மற்றதைக் காட்டிக்கொடுக்கும். மாயை என்று சொல்லி எல்லாப் புகாரையும் தள்ளிவிடவும் கூடாது. மறதி நோயாளியின் சொல் தவறலாம். அவருடைய அச்சத்தை மாயை என்று ஒதுக்க முடியாது.

ஏன் நடக்கிறது?

கெட்ட மனிதர்களால் மட்டும் நடக்கிறது என்றால் அவர்களை நீக்கிவிட்டுத் தூங்கலாம். இரவில் நாற்பது பேருக்கு ஓர் ஆயா என்று வைத்த நிர்வாகம், இரண்டு மணிக்கொருமுறை புரட்டச் சொல்லும் விதியைச் சுவரில் ஒட்டுவதில் பொருளில்லை. புரட்ட ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு இருநூறு நிமிடம். முதல் ஆளிடம் திரும்பி வரும்போதே மூன்று மணி நேரம் தாண்டிவிடும். கணக்கே கொடுமையாகிறது. ஆஸ்திரேலியா இதைப் புரிந்துகொண்டு, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடக் கவனிப்பு, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது என்று 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது.

இரண்டாவது காரணம், காகிதத்தை நம்பும் மேற்பார்வை. ஓக்டன், தரச்சான்று பெற்ற இல்லம். இங்கிலாந்தில் வெஸ்ட் சசெக்ஸின் ஆர்க்கிட் வியூ இல்லத்தில் நேர்ந்த 19 இறப்புகளை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, அவற்றில் ஐந்தில் புறக்கணிப்புக்குப் பங்கு உண்டு என்று 2013இல் தீர்ப்பளித்தார். அங்கே மருந்துப் பதிவேடுகளைக் கிழித்து அழிக்கச் சொன்னதை வெளியே கொண்டுவந்தவர் அங்கு வேலை பார்த்த ஒருவரே. வெளியிலிருந்து வரும் கண் ஒன்று என்றால், உள்ளேயிருந்து பேசத் துணியும் வாய் இன்னொன்று. அந்த வாய்க்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும்.

மூன்றாவது, 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பு. 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பின் ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரத்து இல்லம் ஒன்றில் குளிர்சாதனம் நின்றது. மூன்று நாள் வெப்பத்தின் பின்விளைவாக 12 பேர் மாண்டார்கள். இத்தனைக்கும் மருத்துவமனை ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது. இல்ல நிர்வாகியைப் பின்னர் நீதிமன்றம் விடுவித்தது. மாநிலம் தன் சட்டத்தை மாற்றி, இல்லங்களுக்கு ஜெனரேட்டரைக் கட்டாயமாக்கியது. பன்னிரண்டு உயிர் போன பிறகு வந்த ஒரு விதி.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் அறுபது கடந்தவர்கள் 2022இல் ஏறத்தாழ 14.9 கோடி, 2050இல் 34.7 கோடியாவார்கள் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கணிப்பு. தமிழ்நாடு நாட்டுச் சராசரியைவிட வேகமாக மூப்படைகிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்க, பெற்றோர் இல்லத்தில் இருப்பது இனிச் சில குடும்பங்களின் கதை மட்டும் இல்லை. இதில் குற்ற உணர்ச்சிக்கு வேலையும் இல்லை. நல்ல இல்லம் பலருக்கு நல்வாழ்வே.

ஆனால் சட்டம் அந்த வேகத்தில் நடக்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும் வகையில் மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆவது பிரிவு. 24ஆவது பிரிவு, பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் இல்லங்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரம் வகுக்கும் வழியைக் கொண்டிருந்தது 2019இன் திருத்த மசோதா. மக்களவையில் அறிமுகமான அது நிறைவேறவில்லை. 

அமெரிக்காவோ 1987இலேயே, ஒழுங்குக்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ உடலாலும் மருந்தாலும் கட்டப்படாதிருப்பதை இல்லவாசியின் உரிமையாக்கியது. சொல்லாமல் போய்ச் சோதிப்பதையும் விதியாக்கியது. சட்டம் வந்தபின் கட்டிப்போடும் வழக்கம் அங்கே பெருமளவு குறைந்தது. மருந்தால் கட்டும் பழக்கம் அவ்வளவு எளிதில் ஒழியவில்லை என்பதை மேலே பார்த்தோம். சட்டம் தேவை; சட்டம் மட்டும் போதாது. நமக்கோ முதல் படியே இன்னும் முழுமையாகவில்லை. எல்லா முதியோர் இல்லங்களுக்கும் கட்டாயப் பதிவு, ஆள் எண்ணிக்கைக்கு விதி, முன்னறிவிப்பில்லாத சோதனை, சோதனை அறிக்கையை மக்கள் பார்க்கும்படி வெளியிடுதல் ஆகிய நான்கும் இன்றைய தேவை.

பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர் நம் வீட்டுப் பெரியவர். ஆகவே நேரம் மாற்றிப் போங்கள். ஒருநாள் காலை ஆறரைக்கு, ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு. எந்நேரமும் வரலாம் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். மறுக்கும் இல்லத்தில் சேர்க்காதீர்கள். வரவேற்பறையில் உட்காராமல் அறைக்குப் போங்கள். கால் பிடித்துவிடும் சாக்கில் குதிகாலைப் பாருங்கள். முதுகில் எண்ணெய் தடவும்போது இடுப்பெலும்பைத் தொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், ஊரில் உள்ள உறவினரையோ நண்பரையோ மாதம் இருமுறை நேரில் போகச் சொல்லுங்கள்.

தனியாக இருக்கும்போது பேசுங்கள். 'நல்லா இருக்கியா' என்ற கேள்விக்கு 'நல்லா இருக்கேன்' என்ற பதில்தான் வரும். பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது, சொன்னால் ராத்திரி பழிவாங்குவார்கள், இதை விட்டால் போக்கிடம் இல்லை என்ற மூன்று அச்சங்கள் அந்தப் பதிலுக்குள் இருக்கக்கூடும். "ராத்திரி தாகம் எடுத்தா என்னம்மா பண்ற?" "கூப்பிட்டா யாரு வர்றாங்க, எவ்வளவு நேரத்துல வர்றாங்க?" "இங்க யாரையாவது கண்டா பயமா இருக்கா?" என்று கேளுங்கள். மொழி இழந்துவிட்ட மறதி நோயாளியிடம் மூச்சின் வேகம், முனகல், முகச்சுளிப்பு, உடல் விறைப்பு, தொட்டால் தேறுகிறாரா என்ற ஐந்தைப் பார்த்து வலியை அளக்கிறார்கள் மருத்துவர்கள். நாமும் பார்க்கலாம்.

சந்தேகம் வந்தால் தேதியோடு குறித்துவையுங்கள். அவர் சம்மதத்தோடு, மானம் காத்து, படம் எடுங்கள். இல்ல நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளி மருத்துவரிடம் காட்டி, காயத்தின் அளவையும் இடத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 108. மாவட்ட சமூக நல அலுவலர், வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள், சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய கதவுகள் உண்டு. அடித்தலும் அடைத்துவைத்தலும் பணமோசடியும் எங்கே நடந்தாலும் குற்றம். காவல் நிலையத்துக்குப் போகலாம். முதியவர் மாற்றுத்திறனாளியாகவும் இருந்தால், 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. பார்க்க வர ஒருவரும் இல்லாத முதியவர் எல்லா இல்லத்திலும் உண்டு. கேட்க ஆளில்லை என்று தெரிந்தவரிடமே கவனிப்பு முதலில் குறையும். அடுத்தமுறை அம்மாவைப் பார்க்கப் போகும்போது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரையும் கேளுங்கள். அவருடைய தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் நகர்த்தி வையுங்கள். ஏன் எட்டவில்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.